கடதாசிப் பாலமும் தெமோதரைப் பாலமும்

“விசை என்றால் என்ன?” என்று சிறு பிள்ளையிடம் கேட்டால் வரைவிலக்கணம் வராது. ஆனால் கையில் ஒரு கடதாசியைக் கொடுத்தால், விசை என்ன செய்யும் என்பதை அந்தப் பிள்ளை தானாகவே கண்டுபிடித்துவிடும். தம்பி தங்கைகளுக்கு வீட்டிலேயே செய்து காட்டக்கூடிய இரண்டு பரிசோதனைகளை இங்கு தருகிறேன்.

முதலாவது: புத்தகங்களை இரண்டு அடுக்குகளாக வைத்து, நடுவே ஒரு கடதாசியைப் பாலம்போல் வையுங்கள். ஓர் அழிறப்பரை வைத்தாலே அது தொய்ந்துவிடும். அதே கடதாசியை விசிறிபோல மடித்து வையுங்கள். இப்போது பல அழிறப்பர்களைத் தாங்கும். கடதாசி கூடவில்லை, மடிப்பினால் அதற்கு உயரம் கிடைத்தது. உயரம் கூடினால் வளைவது கடினம். கூரைத் தகரம் நெளிநெளியாக இருப்பதும் இதனால்தான்.

இரண்டாவது: தடித்த அட்டையொன்றை வில்போல வளைத்து மேசையில் நிறுத்தி, மேலே மெதுவாக அழுத்துங்கள். இரு கால்களும் வெளியே வழுக்கும். கால்களுக்கு வெளியே கனமான புத்தகங்களை வைத்தால் வில் அசையாது. வில் பாரத்தைக் கீழே மட்டும் அனுப்புவதில்லை, பக்கவாட்டிலும் தள்ளுகிறது. இதுவே உதைப்பு.

இனிப் பிள்ளைகளுக்குத் தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தின் படத்தைக் காட்டலாம். 1921இல் முடிக்கப்பட்ட அது ஏறத்தாழ 91 மீற்றர் நீளமும் 24 மீற்றர் உயரமும் கொண்டது. உருக்குச் சட்டம் இல்லாமலே புகையிரதத்தைத் தாங்குகிறது. அடுத்தடுத்த வளைவுகள் ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளுகின்றன. கடைசி உதைப்பை இரு கரைகளும் ஏற்கின்றன.

உதைப்பைத் தாங்க ஆளில்லாவிட்டால் என்னவாகும்? இஸ்தான்புல் அயா சோபியாவின் குவிமாடம் 537இல் முடிக்கப்பட்டது. பூமியதிர்ச்சியால் பலவீனமடைந்து 558இல் சரிந்தது. மீண்டும் கட்டும்போது அதை உயரமாக்கினார்கள். உயர்ந்த குவிமாடம் பக்கவாட்டில் குறைவாகத் தள்ளும். பதினாறாம் நூற்றாண்டில் உஸ்மானியக் கட்டடக் கலைஞர் சினான் வெளியே தாங்கு சுவர்கள் எழுப்பினார். நம் அட்டைக்கு வெளியே வைத்த புத்தகங்களின் வேலையைத்தான் அவை செய்கின்றன.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பாலம் விழுந்ததும் விடையைச் சொல்லிவிடாதீர்கள், “எந்தப் பக்கம் வழுக்கியது?” என்று மட்டும் கேளுங்கள். “பொம்பிளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?” என்றும் சொல்லாதீர்கள். குடிசார் பொறியியல் படிக்க ஆசைப்படும் நான் இந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டிருக்கிறேன். நாளை நாம் வாழும் வீட்டையும் தொழும் பள்ளியையும் திட்டமிடப்போகிறவள், இன்று உங்கள் மேசையில் அட்டையை வளைத்துக்கொண்டிருக்கும் மகளாகவும் இருக்கலாம்.