கற்கும் ஆசிரியர்

நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகிய நான்கையும் நல்லாசிரியர்க்கு உவமையாக்கியது நன்னூல். அவ்விலக்கணம் இன்றும் பொருந்தும், பணிக்களம்தான் மாறியுள்ளது.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018ஆம் ஆண்டு விரைவுத் துலங்கல் குறியீடுகள் இடம்பெற்றன. 2019இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. 2020இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது இவை கைகொடுத்தன. எனினும், திறன்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பின்தங்கினர். அவ்விடைவெளியை நிரப்ப, 2021இல் ‘இல்லம் தேடிக் கல்வி’ வழியே தன்னார்வலர்கள் குடியிருப்புகளுக்கே சென்று கற்பித்தனர். 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில், பிள்ளைகளின் கற்றல் நிலையை அரும்பு, மொட்டு, மலர் எனப் பகுத்தறிந்து, ஒரே வகுப்பறையில் அவரவர் நிலைக்கேற்பக் கற்பிக்க ஆசிரியர்கள் பயிற்சி பெற்றனர்.

இவை உணர்த்தும் உண்மை ஒன்று: கருவி பாடத்தைக் கொண்டு சேர்க்கும், பிள்ளை தடுமாறும் இடத்தை ஆசிரியரே கண்டறிய வேண்டும். ஆதலின், ஆசிரியப் பயிற்சி பட்டத்தோடு முடிவதன்று. பணிக்காலம் முழுவதும் தொடர வேண்டுவது. கட்டணம் செலுத்த இயலாத குடும்பங்களுக்கு அரசுப் பள்ளியே அறிவின் வாயில். அங்குக் கற்பிப்பவர் கற்பதை நிறுத்தினால், அவ்வாயில் பாதி அடைபடும்.

மாணவர்களே! நாளை உங்களுள் சிலர் ஆசிரியராவீர்கள். அன்று, விடை கூற எழும் கைகளை மட்டுமன்றி, வினவத் தயங்கும் முகங்களையும் காணுங்கள்.