சர்க்கரை தானாகக் குறைந்தால் கவனம் தேவை



நம் மஹல்லாவின் பெரியவர் ஒருவர் பல வருடங்களாக இன்சுலின் போட்டுக்கொள்பவர். தினமும் விரலில் குத்திப் பார்த்து, அளவைச் செல்போன் செயலியில் பதிந்து வருகிறார். சில மாதங்களாக அளவு தானாகவே இறங்கியது. "அல்ஹம்துலில்லாஹ், சர்க்கரை விட்டுப்போச்சு" என்று திரையைக் காட்டினார். அருகிலிருந்த நர்ஸ் சகோதரி திரையைப் பார்த்துவிட்டுக் குனிந்து அவர் கணுக்காலை விரலால் அழுத்தினார். பள்ளம் விழுந்தது.

உடம்பிலுள்ள இன்சுலினை அழிக்கும் வேலையில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது பழுதானால், போட்ட இன்சுலின் நெடுநேரம் தங்கிவிடும். அதே ஊசி, அதே சாப்பாடு. சர்க்கரை மட்டும் இறங்கும். தூக்கத்திலேயே ஆபத்தான அளவுக்கும் இறங்கலாம். சிறுநீரக நோயோடு இரத்தசோகையும் சேர்ந்தால், மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி பரிசோதனைகூட உண்மையைவிடக் குறைவாகக் காட்டக்கூடும்.

செயலி பொய் சொல்லவில்லை. நாம் அதில் போட்டது சர்க்கரை அளவு மட்டும்தான். சிறுநீரகத்தின் நிலையை அறிய, சர்க்கரை நோயாளிகள் வருடம் ஒருமுறையாவது சிறுநீரில் அல்புமினும் இரத்தத்தில் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும். கிரியேட்டினினை வைத்துக் கணக்கிடும் இஜிஎஃப்ஆர் 3 மாதங்களுக்கு மேல் 60-க்குக் கீழே இருந்தால் நோய் உறுதி. அல்புமின் அதற்கு முன்பே எச்சரிக்கை தரும். வலியோ வீக்கமோ இருக்காது.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கு வரும் பெண் தன்னார்வலர்கள் சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்த்துச் செல்போனில் பதிகிறார்கள். வயிற்று வழி டயாலிசிஸ் செய்வோருக்குத் திரவப் பைகளும் வீடு தேடி வருகின்றன. ஏதோ கணக்கெடுப்பு என்று நினைத்து நம் வீடுகளில் சிலர் கதவைச் சாத்துவது வருத்தமாக இருக்கிறது. அவர்கள் வந்தால் உட்கார வைத்து, சிறுநீர்ப் பரிசோதனை எங்கே செய்யலாம் என்று கேளுங்கள்.

செயலி வைத்திருப்பவர்கள் சர்க்கரையோடு காலை எடை, இரத்த அழுத்தம், கால் வீக்கம், சாப்பிட்ட வலி மாத்திரை ஆகியவற்றையும் பதியுங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதையல்ல, நீர். முழங்கால் வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். வாட்ஸ்அப்பில் வரும் கிட்னி கஷாயம் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ரமலானில் பலர் பரிசோதனையையே நிறுத்திவிடுகிறார்கள். விரலில் ஒரு துளி இரத்தம் எடுப்பதால் நோன்பு முறியாது. அளவு 70-க்குக் கீழே போனால் மஃரிபுக்காகக் காத்திராமல் நோன்பை விட்டுவிட வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் நோன்பு வைக்கலாமா என்பதை ஷஅபானிலேயே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் பெரியவருக்கு டாக்டர் இன்சுலின் அளவைக் குறைத்திருக்கிறார். இப்போது ஃபஜ்ர் தொழுதுவிட்டு வந்ததும் எடை பார்த்து, அந்த நர்ஸ் சகோதரிக்கு அனுப்புகிறார்.