விழுந்த திசையும் சாட்சிதான்

கேள்வி: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் சூறைக்காற்றில் வாழை சாய்ந்தால், கணக்கெடுக்க வருகிறவர்கள் எண்ணிக்கையை மட்டும் குறித்தால் போதாதா?

பதில்: போதாது. பேரிடர் நிவாரண நிதி விதிப்படி 33 சதவீதமோ அதற்கு மேலோ பயிர் சேதமானால்தான் இடுபொருள் மானியம். ஆகவே எண்ணிக்கை தேவை, மறுக்கவில்லை. ஆனால் வாழை காற்றால் மட்டும் விழுவதில்லை. நூற்புழு வேரை அரித்திருந்தால் குலையின் பாரமே மரத்தைக் கிழங்கோடு பெயர்த்துச் சாய்த்துவிடும். நல்ல வேருள்ள வாழையைப் பலத்த காற்று பெரும்பாலும் தண்டில்தான் முறிக்கும். ஒரு தோப்பை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பக்கத்துத் தென்னையும் சப்பட்டை மாமரமும் எந்தத் திசையில் கிடக்கின்றன என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். கிடக்கும் திசை காற்றைக் காட்டிக்கொடுக்கும்: 1974-இல் அமெரிக்காவில் சுழற்காற்றுச் சேதத்தை விமானத்திலிருந்து ஆராய்ந்த வானிலை ஆய்வாளர் ஃபுஜிட்டா, சில இடங்களில் மரங்கள் ஒரு மையத்திலிருந்து விரிந்து கிடந்ததைக் கண்டார். சுழற்காற்று அப்படிப் போடாது. அந்த விரிந்த கோலம் இடிமேகத்திலிருந்து கீழே பாய்ந்த காற்றின் தடம். (நம்மூர்க் கோடைமழைச் சூறையும் பெரும்பாலும் இந்த ரகம்தான்.)

நிவாரணத்துக்குத் திசை எதற்கு, வீண் தாமதம் என்பார்கள். விஏஓவும் தோட்டக்கலை அலுவலரும் எப்படியும் வயலில் நிற்கிறார்கள். கைபேசியில் நாலு படம் எடுக்க எவ்வளவு நேரமாகும்? நோயில் விழுந்த மரம் என்று ஒதுக்கப்படும் விவசாயிக்குக் கையில் இருப்பது அந்தப் படம்தான். படம் எடுக்குமுன் மறுநடவுக்காக மரத்தை வெட்டி அகற்றிவிட்டால் அதுவும் இல்லை.