கட்டுக் கட்டாக ஸ்கேன்

போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் நாலு வொர்க்கர் சேர்ந்து ஒரு டேபிளை ஸ்கேன் பண்ணும்போது, "அடுத்த பேஜ் எது?" என்று எல்லாரும் ஒரே கவுண்டரைத்தான் கேட்கணும். 1 ஜிபி டேபிளுக்கு, 8 கேபி பேஜ் கணக்கில், மொத்தம் 1,31,072 தடவை. கவுண்டர் இருக்கும் கேஷ் லைன் கோர் விட்டு கோர் தாவிக்கிட்டே இருக்கும்.

2021-ல் வந்த 14-ஆம் வெர்ஷன் பேஜ்களைக் கட்டாகக் கொடுத்தது. அதே டேபிளுக்குக் கட்டு ஒன்றுக்கு 64 பேஜ். கவுண்டரைத் தொடுவது இரண்டாயிரத்துச் சொச்சம் தடவைதான். அடுத்தடுத்த பேஜ்கள் என்பதால் ஓஎஸ்ஸும் முன்கூட்டியே படித்து வைக்கலாம்.

ஆனா, கடைசிப் பெரிய கட்டு ஒருத்தரிடம் மாட்டினால் மத்தவங்க சும்மா உட்காரணுமே? அதனால் முடிவு நெருங்க நெருங்க கட்டு 32, 16, 8 எனப் பாதியாகி ஒன்றுக்கு வரும்.

உங்க ப்ராஜெக்டில் த்ரெட்களுக்கு வேலை பிரிக்கும்போதும் இதைச் செஞ்சு பாருங்க: முதலில் பெரிய கட்டு, கடைசியில் சின்னக் கட்டு.