நிலமும் சர்க்காரும்: அங்கத்தினர் அறிய வேண்டியவை

அளவுக்காரர் வயலில் இறங்கியதும், "நிலம் போயிற்று" என்று கலங்குவோர் பலர். "பட்டா இருக்க யார் தொடுவர்?" என்று வாளாவிருப்போர் சிலர். இரண்டும் தவறு.

முதலில் மூன்று சொற்களைப் பிரித்தறிதல் வேண்டும். தீர்வை முதலிய பாக்கிக்காக நிலத்தைக் கைப்பற்றி ஏலமிடுதல் ஜப்தி. இதற்கு 1864-ஆம் வருஷத்து வருவாய் வசூல் சட்டம் ஆதாரம். குற்றத்தின் பொருட்டு ஈடின்றி எடுத்தல் பறிமுதல். சாலை, கால்வாய் முதலிய பொதுக் காரியத்திற்கு ஈடு கொடுத்து எடுத்தல் ஆர்ஜிதம்.

சொத்துரிமை 1950-இல் அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாயிருந்தது. 1978-ஆம் வருஷத்து 44-ஆவது திருத்தம் அதை அவ்வரிசையினின்று நீக்கி, 300-அ பிரிவில் வைத்தது. சட்டத்தின் அதிகாரமின்றி எவர் சொத்தையும் எடுத்தலாகாது என்பதே அப்பிரிவின் கருத்து. ஆகவே உத்தியோகஸ்தரின் வாய்மொழி மட்டும் போதாது.

1894-ஆம் வருஷத்து ஆர்ஜிதச் சட்டத்திற்குப் பதிலாக 2013-ஆம் வருஷத்துச் சட்டம் 1-1-2014 முதல் அமலுக்கு வந்தது. அதன்படி, முதல் அறிவிப்பு வெளியான 60 நாட்களுக்குள் கலெக்டருக்கு எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். கிராமப்புற நிலமாயின் சந்தை விலை 1 முதல் 2 வரையுள்ள எண்ணால் பெருக்கப்படும். மரம், கிணறு, கட்டடங்களின் மதிப்பும் சேரும். அம்மொத்தத்திற்குச் சமமான ஆறுதல் தொகையும் உண்டு. தொகை குறைவென்று கருதுவோர், "ஆட்சேபத்துடன் பெறுகிறேன்" என்று எழுதியே பெறுதல் வேண்டும். இன்றேல் பின்னர் முறையிட இயலாது. சில மாநிலச் சட்டங்களில் முறையும் கெடுவும் வேறுபடுமாதலால், அறிவிப்பிலுள்ள சட்டத்தின் பெயரை முதலிற் படிக்க.

இனி நம் கையிலுள்ளவற்றைப் பார்ப்போம். சந்தை விலையைக் கணிக்கையில், வழிகாட்டி மதிப்போடு, அவ்வட்டாரத்தில் முந்திய 3 வருஷங்களில் பதிவான கிரயங்களும் நோக்கப்படும். ஒருவர் 8 லட்சம் கொடுத்து வாங்கிய நிலத்தைப் பத்திரச் செலவுக்கு அஞ்சி 3 லட்சமென்று எழுதினாரென வைத்துக்கொள்வோம். அப்பொய் விலை அவருக்கு மட்டுமன்றி, அண்டை நிலத்தாருக்கும் நஷ்டமாய் முடியக்கூடும். ஒருவர் பிழை ஊரைத் தாக்கும் என்பதைக் கூட்டுறவாளருக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

காலஞ்சென்ற பாட்டனார் பெயரிலேயே பட்டா இருப்பின், அறிவிப்பும் அவர் பெயருக்கே வரும். உரிமைத் தகராறு எழுந்தால் பணம் தீர்ப்பாயத்தில் முடங்கும். சங்கத்தில் அடமானம் வைத்த நிலமாயின், ஈட்டுத் தொகையில் சங்கத்திற்கும் பாத்தியமுண்டு. அறிவிப்பு கிடைத்ததும் காரியதரிசிக்குத் தெரிவிக்க.

ஆதலால் அங்கத்தினர்களே, பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பத்திரத்தில் மெய் விலையை எழுதுங்கள். தீர்வை ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். சர்க்காரின் அதிகாரம் சட்டத்தால் வரையறுக்கப்பட்டது. அவ்வரையறை உங்களுக்குப் பயன்படுவது உங்கள் ஆவணங்களாலேயே.