வெண்கலக் கவசம்: வார்ப்பதா, தட்டுவதா?

கேள்வி: எங்கள் நாடகத்தில் வரும் கிரேக்க வீரனுக்கு வெண்கல மார்புக்கவசத்தைப் பழைய முறையிலேயே செய்து பார்க்க ஆசை. மெழுகில் அச்செடுத்து வார்க்கலாம் என்கிறார் நண்பர். பித்தளைத் தகடே போதும் என்கிறார் பட்டறைக்காரர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: நண்பரை விட்டுவிடுங்கள். கிரேக்கர்கள் கவசத்தை வார்க்கவில்லை. தகட்டைத் தட்டித்தான் உருவாக்கினார்கள். ஏறத்தாழ ஒன்பது பங்கு செம்பு, ஒரு பங்கு வெள்ளீயம். சுத்தியல் விழ விழ வெண்கலம் இறுகும். மேலும் தட்டினால் வெடித்துவிடும். அதனால் மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சி, இளக்கி, மறுபடி தட்ட வேண்டும். கடைசிச் சுற்றுக்குப் பின் மட்டும் காய்ச்சக் கூடாது. அந்த இறுக்கம்தான் மெல்லிய தகட்டுக்குப் பலம்.

பித்தளையும் இதே வித்தைக்குப் படியும், மேடை வெளிச்சத்தில் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆனால் ‘பழைய முறை’ என்று எழுதியிருக்கிறீர்களே!

வயிற்றுத் தசைகளைப் புடைப்பாகக் காட்டும் சினிமாக் கவசத்தில் கை வைக்காதீர்கள். கைதேர்ந்தவருக்கே அது கடினம். கிரேக்க நகரமான ஆர்கோஸில் 1953-இல் ஒரு கல்லறையில் கிடைத்த கவசத்தைப் பாருங்கள். கி.மு. 8-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தது. முன்னொன்று, பின்னொன்று என இரண்டே தகடுகள். இடுப்போடு நின்று, மணியின் வாய்போல் வெளியே விரிகிறது. குனிய, ஓட, இடுப்பைத் திருப்ப அந்த விரிவு இடம் தருகிறது.

எடையை விட அளவுக்குத்தான் அஞ்ச வேண்டும். பழைய கிரேக்க எழுத்தாளர் செனபோன் எழுதிய ஓர் உரையாடலில், பிஸ்தியாஸ் என்ற கவசக் கொல்லரிடம் சாக்ரட்டீஸ் கேட்கிறார்: உம் கவசம் மற்றவற்றைவிட உறுதியும் இல்லை, செய்யும் செலவும் அதிகமில்லை, பிறகேன் விலை கூடுதல்? அணிபவர் உடலுக்குப் பொருந்துவதால் என்பது பதில். பொருந்தினால் பாரம் தோள், மார்பு, முதுகு என்று பரவும். பொருந்தாவிட்டால் முழுவதும் தோளில் தொங்கும்.

எடையைத் தாங்க முடியும் என்பதற்கும் சான்று உண்டு. கிரேக்கத்தின் டெண்ட்ராவில் 1960-இல் கிடைத்த, இன்னும் பழைய மைசீனியக் காலக் கவசத்தின் நகலை அணிந்து, கிரேக்கக் கடற்படை வீரர்கள் 13 பேர் 11 மணி நேரம் போர்ப் பயிற்சி செய்திருக்கிறார்கள். 2024-இல் வெளியான ஆய்வு அது. உடல் முழுவதையும் மூடும், உங்களுடையதைவிடப் பல மடங்கு கனமான கவசம்!

ஆகவே முதலில் நடிகரை அழைத்து, உள்ளே போடப்போகும் தடித்த அங்கியோடே அளவெடுங்கள். அட்டையில் ஒரு மாதிரி வெட்டி மாட்டிவிட்டு, உட்காரவும் குனியவும் கையை உயர்த்தவும் சொல்லுங்கள். அக்குளிலோ இடுப்பிலோ குத்தினால் அட்டையைத் திருத்துவது ஐந்து நிமிட வேலை.