மாரிக்காலத்து மிதிவண்டிப் பயணம்

கல்வி நாடிச் செல்வார்க்குத் துணையாகும் ஊர்திகளுள் சிறுவிலையதாய், தீவனமும் எரிபொருளும் வேண்டாததாய், எளியோர்க்கும் எட்டுவதாய் விளங்குவது மிதிவண்டி. நம் முன்னோர் அதனைத் துவிசக்கர வண்டி எனவும் வழங்கினர். வெயிற்காலத்தில் நமக்கு ஏவலாளாய் இருக்கும் அவ்வண்டி மாரிக்காலத்தில் அஞ்சத்தக்கதாய்த் தோன்றுவது ஏன் என்பதையும், அவ்வச்சத்தை நீக்கும் வழி யாது என்பதையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

கந்தர்வக்கோட்டை, தஞ்சையினின்று புதுக்கோட்டைக்குச் செல்லும் பெருவழியில் உள்ளதோர் ஊர். செம்மண் நிலத்தில் முந்திரியும் நிலக்கடலையும் விளையும் அதன் சுற்றுவட்டாரத்துச் சிற்றூர்களுக்கு மிதிவண்டி பெரிதும் வேண்டப்படுவது. அன்றியும், புதுக்கோட்டை மாவட்டம் மிதிவண்டி வரலாற்றில் தனியிடம் பெற்றது. 1991-ஆம் ஆண்டில் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவுப் பணியைத் தொடங்கியபொழுது, மாவட்ட ஆட்சித் தலைவராயிருந்த திருமதி ஷீலா ராணி சுங்கத் அவர்கள், பெண்கள் மிதிவண்டி பழகுவதையும் அப்பணியின் ஓர் அங்கமாக்கினார். ஆயிரக்கணக்கான நாட்டுப்புற மகளிர், ஏளனத்தையும் பொருட்படுத்தாது ஓட்டப் பழகினர். பெண்களுக்குரிய வண்டிகள் போதாமையால் ஆடவர் வண்டியையே பலர் ஓட்டினர். நடுக்கம்பியில் குழந்தையை அமர்த்தலாமென்று அதனையே விரும்பினாரும் உளர். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அவர்களின் எழுத்தால் இச்செய்தி பிற நாட்டாரும் அறிய நேர்ந்தது.

அங்ஙனம் பெற்ற உரிமைக்கு மாரிக்காலமே உரைகல். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது. பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு வருவதும் டிசம்பரிலேயே. பேருந்து அருகி வரும் ஊரிலுள்ள மாணவி மழைக்கு அஞ்சி ஒரு நாள் நின்றால் ஒரு பாடம் போகும். பல நாள் நின்றால் படிப்பில் ஊக்கம் குன்றும். பின்னர், "இனிப் போகவேண்டா" என்று வீட்டார் கூறினும் மறுத்துரைக்க வலியின்றிப் போகும். ஆதலின், மழையில் வண்டியை ஓட்டும் முறையை அறிதல் கல்வியைக் காக்கும் அறிவேயாம்.

முதலாவது, தடையின் இயல்பை அறிதல் வேண்டும். சக்கர வளையத்தை ரப்பர்க் கட்டை பற்றும் உராய்வினாலேயே வண்டி நிற்கிறது. வளையத்தில் நீர் படர்ந்தால் அவ்வுராய்வு மிகக் குறையும். மெருகிட்ட இரும்பு வளையத்தில் இக்குறை மிகுதி. எனவே, நிற்கவேண்டிய இடத்திற்கு நெடுந்தூரம் முன்னரே தடையை மெல்லப் பிடித்துப் பிடித்து விடல் வேண்டும். முதற்பிடிப்பு நீரைத் துடைக்கும். பின்னைய பிடிப்பே வண்டியை நிறுத்தும். முன்தடையை மட்டும் வெடுக்கெனப் பிடித்தால் சக்கரம் சறுக்கிக் கவிழ்தல் கூடும்.

இரண்டாவது, வழியின் இயல்பு. நெடுநாள் வெயிலுக்குப்பின் பெய்யும் முதல் மழையில், சாலையில் படிந்த எண்ணெயும் புழுதியும் கலந்து வழுக்கும். வெள்ளைக் கோடுகளும் இரும்பு மூடிகளும் அத்தகையனவே. திருப்பங்களில் வேகங் குறைத்து, வண்டியை மிகுதியாய்ச் சாய்க்காது செல்க. தேங்கிய நீரின் அடியில் குழி உண்டென்றே கொள்க. ஈரமண் சக்கரத்திற்கும் சேற்றுக்காப்புத் தகட்டிற்கும் இடையே அடைத்துக்கொள்ளின், இறங்கிக் குச்சியால் நீக்குக.

மூன்றாவது, குடை. ஒரு கையில் குடையும் ஒரு கையில் கைப்பிடியுமாய்ச் செல்லும் வழக்கம் நம் நாட்டில் மிகுதி. காற்று குடையைப் பற்றி இழுத்தால் வண்டியும் உடன் சாயும். இரு தடைகளுள் ஒன்று பயனற்றுப் போகும். மழைச்சட்டையே தக்கது. அதன் விளிம்பு சங்கிலியில் சிக்காவண்ணம் மடித்துக் கொள்க. புத்தகங்களை நெகிழித்தாளில் பொதிக. சக்கரத்தோடு உராய்ந்து எரியும் டைனமோ விளக்கு ஈரத்தில் வழுக்கி மங்குமாதலின், மின்கல விளக்கு ஒன்று கைவசம் இருத்தல் நன்று.

எனினும், ஓட்ட அறிந்தோர் இறங்கவும் அறிதல் வேண்டும். இடிமுழக்கம் கேட்டால் வண்டியை விடுத்துக் கட்டடத்தினுள் ஒதுங்குக, தனிமரத்தின்கீழ் நில்லற்க. ரப்பர்ச் சக்கரம் மின்னலினின்று காவாது. தரைப்பாலத்தின்மேல் நீர் ஓடின், அது முழங்காலளவேயாயினும் கடவற்க. 2018-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் கஜாப் புயல் புதுக்கோட்டை மாவட்டத்தைத் தாக்கியபொழுது மரங்களும் மின்கம்பங்களும் வீழ்ந்தன. அத்தகைய வேளையில் அறுந்து கிடக்கும் கம்பியை அணுகாது திரும்புதலே அறிவுடைமை.

வீடு சேர்ந்தபின், வண்டியைத் துடைத்துச் சங்கிலிக்கு எண்ணெய் இடுவது சிறிதுநேரப் பணி. அதனை விடுத்தால் துரு ஏறி மறுநாட் பயணம் கெடும்.

மாணவ நண்பர்களே! விடுமுறைக்கு ஊர் செல்லும் நீங்கள், இவற்றை உங்கள் தங்கையர்க்கும் அயல்வீட்டுச் சிறார்க்கும் வண்டியைக் கையில் கொடுத்தே பழக்குங்கள். மழை தொடங்குமுன் தடைக்கட்டையின் தேய்வை நோக்கி மாற்றிக் கொடுங்கள். சிறிய உதவியேயாயினும், மாரிக்காலத்தில் ஒரு பிள்ளையின் பள்ளிவருகை தடைப்படாது காக்குமாயின், அதனினும் பெரிய பயன் வேறு வேண்டுமோ?